ரிம்மோன் கோவிலும் ஞானஸ்நானப் பதிவேடும்

ஒரு கிறிஸ்தவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று தெரிந்தால் சபையார் முதலில் கேட்பது பூமி பூஜையைப் பற்றித்தான். தேங்காய் உடைக்கச் சொன்னால்? குத்துவிளக்கு ஏற்றச் சொன்னால்? நெற்றியில் குங்குமம் வைக்க வந்தால்? இதெல்லாம் சமாளிக்கக்கூடிய சங்கதி, பின்னால் வருகிறேன். மதத்தை முன்னிட்டுப் பதவி ஆட்டம் கண்ட வழக்குகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் தேங்காயும் இல்லை, குங்குமமும் இல்லை. உறுதிமொழித் தாள், சாதிச் சான்றிதழ், ஆலயப் பதிவேடு. எல்லாம் காகிதம்.

உறுதிமொழியிலிருந்தே தொடங்கலாம். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர் எல்லாருக்கும் இரண்டே வழிகளைத் தருகிறது: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். பல கிறிஸ்தவர்கள் யோசிக்காமல் முதலாவதை எடுக்கிறார்கள். சிலருக்கு மத்தேயு 5-ஆம் அதிகாரம் நெருடும்: ‘பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்’ என்று இருக்கையில் ஆணையிடலாமா? அவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். ‘உளமார’ என்பது நாத்திகருக்கான சொல் என்று திராவிட இயக்கத்தாரின் பதவியேற்புகளைப் பார்த்து நாமாக நினைத்துக்கொண்டோம். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ சொல்லச் சொன்ன வசனத்துக்கு அதுதான் பக்கத்தில் நிற்கிறது என்பேன்.

செய்யக் கூடாதது, ‘இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே’ என்று சொந்தமாகச் சேர்ப்பது. 2001-இல் கேரள எம்.எல்.ஏ. ஒருவர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் ஆணையிட்டார். அந்த உறுதிமொழி செல்லாது என்று 2003-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசகத்தில் இருப்பது ‘கடவுள்’ மட்டும்தான். முறையான உறுதிமொழி இல்லாமல் அவையில் உட்கார்ந்தால் அரசியலமைப்பின் 193-ஆம் உறுப்பின்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். மொழிபெயர்த்துக் கொடுத்திருந்த தாளில் ‘கடவுளின் பெயரால்’ என்பதும் இல்லை, ‘உளமார’ என்பதும் இல்லை. ஜூன் 2-ஆம் தேதி மறுபடி பதவியேற்க வேண்டியதாயிற்று. இடையில் அவையில் இருந்த 5 நாளுக்கு 2,500 ரூபாய் கட்டச் சொன்னார் சபாநாயகர். தாள் தயாரித்தவர் ஒருவர், தண்டம் கட்டியவர் இன்னொருவர். ஆகவே முந்தைய நாளே தாளை வாங்கி, அந்த இரண்டில் ஒன்று அதில் இருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுங்கள்.

அதே தேவிகுளம் தனித்தொகுதி. அங்கே அடுத்துக் கிளம்பியது இதைவிடப் பெரிய பூதம்.

1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் ஆணையின் 3-ஆம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குக் கிடைப்பது பி.சி. சான்றிதழ். ஆனால் நம் உள்ளாட்சித் தேர்தலில் இடஒதுக்கீடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் என்றுதான் ஓடுகிறது, பி.சி.க்கென்று வார்டு கிடையாது. எனவே கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஒருவர் பொது வார்டிலோ பொதுப் பெண்கள் வார்டிலோதான் நிற்க முடியும். அங்கே சாதி பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் அவரைக் கிறிஸ்தவராகப் பார்ப்பதில்லை, ஆதிதிராவிடராகத்தான் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் அடி.

இந்த நெருக்கடியில்தான் ‘இந்து’ சான்றிதழோடு தனித்தொகுதியில் மனுத் தாக்கல் செய்யும் வழக்கம் வருகிறது. வேட்புமனுப் படிவத்தில் தாம் இன்ன சாதியைச் சேர்ந்தவர் என்று உறுதிகூறிக் கையெழுத்திட வேண்டும். தோற்றவர் சும்மா இருக்க மாட்டார். முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். அவருடைய வழக்கறிஞர் முதலில் தேடிப் போகும் இடம் ஆலய அலுவலகம்: குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவு, அடக்கப் பதிவேடு, சந்தா ரசீது. சேகரத் தேர்தலில், அதாவது திருச்சபையின் உள்தேர்தலில், ஓட்டுப் போட்டிருந்தால் அந்த வாக்காளர் பட்டியலும். தேவிகுளம் வழக்கில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் பதிவேடுகளையும் கல்யாணப் படங்களையும் எடுத்து வைத்து 2023 மார்ச் 20-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாததாக்கியது. பதிவேட்டில் அடித்துத் திருத்தியிருந்ததையும் தீர்ப்பு விடவில்லை. 2025 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து ராஜாவின் வெற்றியை நிலைநிறுத்தியது. அதற்குள் ஐந்தாண்டுப் பதவியில் நான்காண்டு ஓடிவிட்டது.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இது பழைய கதை. 1949-இல் கிறிஸ்தவரான எஸ். ராஜகோபால் 1967-இல் அந்தத் தனித்தொகுதியில் வென்றார். நீதிமன்றத்தில் வெற்றி பறிபோனது. 1972-இல் மறுபடியும் நின்று வென்றார். இரண்டு முறையும் வழக்குப் போட்டவர் சி.எம். ஆறுமுகம். இந்து மதத்துக்குத் திரும்பியவரைச் சாதியார் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டால் பழைய சாதி மீளும் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவரை உறுப்பினராகவே விட்டது. அந்த அளவுகோல்தான் இன்றும்: மூதாதையர் அந்தச் சாதி, உண்மையான மதமீட்சி, சாதியாரின் ஏற்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்க்கொண்டே காகிதத்தில் மட்டும் திரும்புவது இதில் எதிலும் அடங்காது. ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்தபடியே பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், 2024 நவம்பர் 26-ஆம் தேதி, அது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே உச்ச நீதிமன்றம் எழுதியது.

1950 ஆணையின் 3-ஆம் பத்தி அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்லறையில்கூடச் சாதிக்கு ஒரு சுவர் எழுப்பிய ஊர்களில், மதம் மாறினால் சாதி போய்விடும் என்று எழுதிவைத்தவர்களுக்கு நம் ஊர் தெரியவில்லை. அதை நீக்கச் சொல்லி மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அறிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரல் 19-ஆம் தேதி நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆனால் அநியாயமான விதியைப் பொய்க் கையெழுத்தால் தாண்டியவர், பிறகு அந்த விதியை எதிர்த்து வாய் திறக்க முடியாது. திறந்தால் முதலில் கேட்கப்படுவது அவருடைய சான்றிதழாகத்தான் இருக்கும். போதகர்களுக்கும் ஒன்று: ‘பழைய பதிவேட்டில் ஒரு பெயரை மட்டும்’ என்று யார் வந்து நின்றாலும் பேனாவைத் தொடாதீர்கள்.

பிரசாரத்துக்கு வருவோம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் நமக்கானவை. (3) மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பது. இதில் வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதமும் அடங்கும் என்று 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. (2) பலருக்குத் தெரியாதது: இன்னாருக்குப் போடாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதும் ஊழல் நடவடிக்கை. ‘நம்ம பிள்ளையை ஜெயிக்க வைக்காவிட்டால் கர்த்தர் நம்மிடம் கணக்குக் கேட்பார்’ என்று பீடத்திலிருந்து ஒரு வரி வந்தால் இரண்டு உட்பிரிவுகளும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். பேசியவர் போதகர்தானே என்று வேட்பாளர் தப்ப முடியாது. அவருடைய சம்மதம் இருந்ததா என்பதுதான் வழக்கே. முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கும் கைபேசி வீடியோ போதும். தேர்தல் ரத்து, அதோடு 6 ஆண்டு வரை தகுதியிழப்பு. சபை நிர்வாகத்துக்குத் தனி ஆபத்து: ஆலய வளாகத்தைக் கட்சி வேலைக்குக் கொடுத்தால், மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. ஆராதனைக்கு வாருங்கள், காணிக்கை போடுங்கள், மைக்கை மட்டும் வாங்காதீர்கள். (கத்தோலிக்கக் குருவானவருக்கு இந்தத் தலைவலியே இல்லை; ஆட்சி அதிகாரப் பதவிகளை ஏற்கவே திருச்சபைச் சட்டம் 285 தடை சொல்கிறது.)

பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அதாவது எப்.சி.ஆர்.ஏ., 2010-இன் 3-ஆம் பிரிவு: வேட்பாளரும் சட்டமன்ற உறுப்பினரும் அரசு ஊழியரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் ‘சட்டமன்றம்’ என்ற சொல்லுக்குள் நகராட்சியும் ஊராட்சியும் வருகின்றன. வார்டு உறுப்பினர் வரை பொருந்தும். துபாயில் இருக்கும் தம்பி அனுப்பினால் பிரச்சினை இல்லை, உறவினருக்கு விலக்கு உண்டு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பழைய வாலிபர் சங்கத் தோழர் ‘ஊழியத்துக்கு’ என்று உங்கள் சொந்தக் கணக்கில் போட்டால் அது குற்றம். வெளிநாட்டு மாநாட்டுக்கு டிக்கெட்டும் தங்குமிடமும் தந்து அழைத்தால் 6-ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டுப் பணம் வரும் டிரஸ்டில் பொறுப்பாளராக இருந்தால் மனுத் தாக்கலுக்கு முன்பே விலகி, வங்கியில் கையெழுத்தையும் மாற்றிவிடுவது நல்லது. விலகல் கடிதம் மட்டும் கொடுத்துவிட்டுக் காசோலையில் தொடர்ந்து கையெழுத்திடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

இனித் தேங்காய். சீரிய ராஜாவின் படைத்தலைவன் நாகமான் எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டது இதே கேள்வியைத்தான்: ராஜா என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே? எலிசா வேதபாடம் நடத்தவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்றார் (2 இராஜாக்கள் 5:19). நடைமுறையில், விழாவுக்கு இரண்டு நாள் முன்பே ஊராட்சி செயலரிடம் சொல்லிவிட்டால் போதும்: பூஜையை ஊர்ப் பெரியவரோ ஒப்பந்ததாரரோ செய்யட்டும், முதல் மண்வெட்டி நான் போடுகிறேன். மேடையில் வைத்து மறுத்தால்தான் அது அவமதிப்பு ஆகிறது. யாராவது பிரசாதம் நீட்டினால் கைநீட்டி வாங்கிக்கொள்வது மரியாதை. சாப்பிடுவது, விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8 படித்த அவரவர் மனசாட்சி. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று 1968-இல் அண்ணா அரசு சுற்றறிக்கை அனுப்பியது. ஆயுத பூஜைக்கு முகம் சுளித்துவிட்டு உங்கள் மேசைக்குப் பின்னால் வேளாங்கண்ணி மாதா காலண்டரைத் தொங்கவிட்டால் அதற்கும் அதே நியாயம்தான்.

உண்மையான இழுபறி ஜெபக்கூடத்தில் வரும். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலும் அதைச் செலவிட வழிகாட்டு விதிகள் இடம் தருவதில்லை. ஆலய வளாகத்துக்குள் கூட்ட அரங்கு கேட்டால் முடியாது என்பதே பதில். ஆலயத்துக்குப் போகும் பொதுச் சாலை என்றால் கேட்கலாம். நீங்கள் ஊராட்சித் தலைவர் என்றால் கட்டட அனுமதியில் இன்னும் கவனம் வேண்டும். 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே பொது வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று இருந்தது. ‘அண்ணே, வீடுன்னு போட்டு வாங்கிக்கிறோம், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வருவார்கள். வீடு என்று அனுமதி வாங்கி, நாற்பது பேர் கூடி, ஒலிபெருக்கி வைத்து, ஒரு புகார் போனதும் தாசில்தார் பூட்டுப் போடுவார். அந்தக் கோப்பில் உங்கள் கையெழுத்து இருக்கும். ஆட்சியருக்கு முறையாக மனு எழுத அவர்களுக்கு உதவுங்கள், பட்டா நகலையும் வரைபடத்தையும் சரிபார்த்துக் கொடுங்கள். உங்கள் சொந்தச் சபையின் மனு ஊராட்சி மன்றத்துக்கு வந்தால் அந்தப் பொருள் முடியும்வரை எழுந்து வெளியே போய்விடுங்கள். போனால் மட்டும் போதாது. ‘இப்பொருள் விவாதிக்கப்பட்டபோது தலைவர் கூட்டத்தில் இல்லை’ என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.