அப்பாவோட தகர டப்பாவும் அம்மா ரூம் ஏர்கானும்

அம்மா ரூம் ஏர்கான்ல தண்ணி சொட்ட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. 2005ல இந்த வீட்டுக்கு வந்தப்ப மாட்டுனது, லேபிள்லயே ஆர்22ங்கற பழைய குளிரூட்டற கேஸ்னு இருக்கும், அவ்ளோ பழசு. சர்வீஸுக்கு வந்தவரு மூடியத் தொறந்தாரு, காத்த குளிர வைக்கற தகடு போட்ட குழாய்ச் சுருள், அதான் காயில், அதுல ஐஸ் பிடிச்சிருந்தத பாத்தாரு, கேஸ் அழுத்தத்த அளக்கற கேஜ் எதுவும் மாட்டாமலே கேஸ் கம்மி, டாப்-அப் பண்ணணும்னுட்டாரு. ஏர்கான் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ந்து போறதில்லங்க, மூடுன குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், கம்மியாச்சுன்னா எங்கயோ லீக்னு அர்த்தம், அந்த லீக்க தேடாம மேல மேல ஏத்துனா நம்ம காசும் போச்சு, ஆர்22ங்கறதால ஓசோனுக்கும் கேடு. வேணாம்னு அனுப்பிட்டேன்.

அந்த வாரம்தான் ஸ்டோர் ரூம்ல இருந்து அப்பாவோட தகர டப்பாவ எறக்குனேன். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறைல ஃப்ரிட்ஜ் ஃபிட்டர். பிரிட்டிஷ் நேவி பட்டறையா இருந்தத 1968ல சிங்கப்பூர்கிட்ட ஒப்படைச்சாங்கல்ல, அதுக்கு அடுத்த வருஷம் சேந்தவரு. கப்பல்ல இறைச்சி, காய்கறி வைக்கற குளிர் ரூம் கம்ப்ரசர்லாம் அவரு கைதான். அவரு போய் நாலு வருஷம் ஆகுது, டப்பாவ யாரும் தொறக்கல.

துருப்பிடிச்ச சாமான ஒரு ராத்திரி வெள்ளை வினிகர்ல ஊற வெச்சு, பழைய டூத் பிரஷால தேச்சு, சோடா மாவு தண்ணில அலசி, துடைச்சு எண்ணெய் போட்டேன். அப்பதான் எழுத்தே தெரிஞ்சுச்சு. ஒரு ஸ்பேனர்ல 3/8 டபிள்யூ, 7/16 பிஎஸ்னு ரெண்டு நம்பர், டபிள்யூன்னா விட்வொர்த், பிஎஸ்னா அதே வாய்க்குப் பொருந்தற இன்னொரு பிரிட்டிஷ் போல்ட் வகை. 3/8 இன்ச்னா ஒம்பதரை மில்லிதான, ஆனா வாய அளந்தா 18 மில்லி! இது விட்வொர்த் ஸ்பேனர். 1841ல ஜோசப் விட்வொர்த் கொண்டு வந்த பழைய பிரிட்டிஷ் அளவு, ஸ்பேனர்ல இருக்கற நம்பர் போல்ட்டோட தண்டு அளவு, வாயோட அளவு இல்ல. இது தெரியாம ஏர்கான் குழாயோட 17 மில்லி நட்டுல மாட்டித் திருகுனா மூலையெல்லாம் மழுங்கிடும், தயவுசெஞ்சு செய்யாதீங்க.

இன்னொண்ணு தட்டையா, ராட்செட் வெச்சு, சின்னதும் பெருசுமா சதுர ஓட்டையோட. ரொம்ப நேரம் முழிச்சேன். அது பழைய கம்ப்ரசர்ல கேஸ் வழிய தொறந்து மூடற சர்வீஸ் வால்வ திருப்பறதுக்கு, அதுல தண்டு சதுரமா இருக்கும், இப்ப வீட்டு ஏர்கான்ல ஆறு மூலை கம்பிச் சாவி, அதான் ஆலன் கீ, போதும். அப்புறம் ஆறு பக்கமும் பல்லு வெச்ச ஒரு குட்டி சீப்பு. சின்ன வயசுல அத வெச்சு பொம்மைக்கு தல வாரியிருக்கேன். நிஜத்துல காயில் தகடு வளைஞ்சா நிமித்தறது, ஒரு இன்ச்சுக்கு எத்தன தகடோ அந்தப் பல்லு. சீப்புல அதிகபட்சம் 15. நம்ம ஏர்கான் காயில்ல ஸ்கேல் வெச்சு எண்ணுனேன், 18. பொருந்தல, கப்பல் காயில்ல தகடுக்கு நடுவுல இடைவெளி அதவிட அகலம் போல.

டப்பாலயே எனக்குப் பிடிச்சது பேனா மாதிரி கம்பியோட ஒரு தெர்மாமீட்டர், ஃபாரன்ஹீட் டயல். ஐஸ நுணுக்கி தண்ணில போட்டு கம்பிய விட்டா 32 காட்டணும், 36 காட்டுச்சு. டயலுக்குப் பின்னாடி இருக்கற நட்ட லேசா திருப்பி சரி பண்ணேன்.

காயில்ல இருந்த ஐஸெல்லாம் உருகட்டும்னு ஏர்கான ஆஃப் பண்ணி விட்டு, மறுபடி போட்டு 15 நிமிஷம் கழிச்சு அளந்தேன். காத்து உள்ள போற எடத்துல 82, வெளிய வர்ற எடத்துல 54. 28 டிகிரி வித்தியாசம், செல்சியஸ்ல பதினஞ்சுக்கு மேல! கேஸ் கம்மின்னா இந்த வித்தியாசம் சாதாரணமா கொறையணும். இங்க காத்து ஐஸ் மாதிரி இருக்கு, ஆனா வீசவே இல்ல. அப்ப காத்துதான் அடைபட்டிருக்கு, சூடு போதாம காயில் பூஜ்யம் செல்சியஸுக்குக் கீழ போய் உறையுது.

வீட்டு கரண்ட் பெட்டி, அதான் டிபி பாக்ஸ், அதுல ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு மூடியக் கழட்டி டார்ச் அடிச்சேன். உருளை ஃபேனோட ஒவ்வொரு இறக்கையோட குழிவும் கருப்பா, ஈரமான கம்பளி மாதிரி தூசியால நெறஞ்சு கெடக்கு, இறக்கை தட்டையாவே ஆயிடுச்சு. பாத்திரம் கழுவற சோப்பு தண்ணியும் பிரஷுமா ரெண்டு மணி நேரம். ப்ளீச் போடல, அலுமினிய தகட அரிச்சிடும். தண்ணி தட்டுல ஜவ்வரிசி கஞ்சி மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு, பாத்ரூம்ல குழாய் முடியற எடத்துல ஈரம் இழுக்கற வேக்கூம வெச்சு உறிஞ்சுனேன், ஒரு பெரிய கட்டி டபக்னு வந்துச்சு. ஒரு லிட்டர் தண்ணி ஊத்திப் பாத்தேன், ஒரு நிமிஷத்துல ஓடிடுச்சு.

நல்லா காயவிட்டு மறுபடி அளந்தேன். 82 உள்ள, 62 வெளிய. 20 டிகிரி, செல்சியஸ்ல 11. காத்து கட்டில் வரைக்கும் வருது. அஞ்சு ராத்திரி ஆச்சு, ஒரு சொட்டு இல்ல. அம்மா தெர்மாமீட்டர வாங்கி டயல விரலால தடவிக்கிட்டே, "உங்கப்பா இத சட்டைப் பையிலயே சொருகிட்டு வருவாரு, துணி ஊற வைக்கறப்ப நாந்தான் எடுத்து வைப்பேன்"னாங்க.

நேத்து என் ரூம்லயும் அளந்தேன், 82 உள்ள, 56 வெளிய. இந்த சனிக்கிழமை அதத்தான் கழட்டப் போறேன்.