பக்கத்து வீட்டுச் சுவர்

நகர நிர்வாகத்தின் கட்டட இடிப்புப் பிரிவில் ஆய்வுப் பொறியாளராகப் பணியாற்றும் என்னிடம், பாழடைந்த ஒரு வீட்டை இடிக்க இத்தனை காலமா என்று கேட்காதவர்கள் குறைவு. கைவிடப்பட்டாலும் அது ஒருவருடைய சொத்து. பத்திரத்தில் பெயருள்ளவர் இறந்திருப்பார், வாரிசுகள் ஆளுக்கொரு திசையில் இருப்பார்கள், அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கிக்கும் உரிமை இருக்கும். அனைவருக்கும் நோட்டீஸ் அனுப்பி, பழுதுபார்க்க அவகாசம் கொடுத்து, விசாரணை நடத்திய பிறகே இடிப்பு ஆணை பிறக்கிறது. அதற்குள் அந்த வீட்டில் தீப்பிடித்துவிடுமோ என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுவது நியாயமே. ஆயினும், வறுமையால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவருக்குத் தம் தரப்பைச் சொல்லக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இந்த நடைமுறைதான் என்பதால், அதைச் சுருக்குவதை நான் ஏற்பதில்லை.

ஆணைக்குப் பின் மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்டு, கழிவுநீர்க் குழாய் அடைக்கப்பட வேண்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பொருள்களை நனைத்துப் பிரித்தெடுத்து, உறையிலிட்டு அகற்ற வேண்டும். பழைய வண்ணப்பூச்சிலுள்ள ஈயம் தூசியாகப் பறந்து குழந்தைகளின் உடலில் சேரும் என்பதால், இடிக்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதை நிறுத்தவே கூடாது.

இவை அனைத்தையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது, வரிசை வீடுகளுக்கு இடையேயுள்ள பொதுச்சுவர். நடுவிலுள்ள வீட்டை எடுத்துவிட்டால், உத்தரச் சட்டங்கள் செருகியிருந்த குழிகளும், படிக்கட்டு ஏறிய சாய்வான தடமும், அறைக்கு அறை மாறும் சுண்ணாம்பு நிறங்களுமாக அந்தச் சுவர் வெளியே தெரியும். மழை படாது என்று எண்ணிக் குறைவாகச் சுட்ட செங்கல்லால் கட்டிய சுவர்கள் அவற்றில் உண்டு. குழிகளை அடைத்து, பூசி, மேல்விளிம்பில் நீர் இறங்காதபடி தகடு வைக்காவிட்டால், குடியிருக்கும் அடுத்த வீடும் சில ஆண்டுகளில் நம் இடிப்புப் பட்டியலுக்கு வந்துவிடும். இடிக்கும்போதும் ஆபத்து இதே இடத்தில்தான் இருக்கிறது. 2013 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில், உள்சட்டங்கள் அகற்றப்பட்டுத் தாங்கலின்றி நின்ற சுவர் பக்கத்துக் கடையின் மேல் சரிந்ததில் 6 பேர் அன்றே இறந்தனர். மேல்தளத்திலிருந்து தளம் தளமாக, கையால் பிரித்திறக்குவது மெதுவான வேலைதான். ஒட்டிய கட்டடம் இருக்குமிடத்தில் வேறு வழி கிடையாது.

அங்குள்ள இன்னொரு நகரமான டெட்ராய்டின் மக்கள்தொகை 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்து, 2020இல் 6.4 லட்சத்துக்குக் குறைந்தது. அந்த ஆண்டு அங்குள்ள வாக்காளர்கள் காலி வீடுகளை இடிக்கவும் சீரமைக்கவும் 25 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தார்கள். சீரமைப்பதையும் அதில் சேர்த்ததே எனக்குப் பிடித்தது. கூரையும் அஸ்திவாரமும் உறுதியாக உள்ள வீட்டை இடிப்பது பொதுப்பணத்துக்குச் செய்யும் துரோகம் என்றே கருதுகிறேன்.

கடைசி வேலை நிலவறைக் குழியை நிரப்புவது. இடிபாட்டையே உள்ளே தள்ளி மேலே மண் பரப்பினால், நாளடைவில் தரை அமிழ்ந்து நீர் தேங்கும். ஆகவே குழி காலியாக இருக்கும்போது எடுத்த படம், மண் வந்த இடத்துக்கான சான்று, அடுக்கடுக்காக இறுக்கியதற்கான பதிவு ஆகிய மூன்றும் இணைக்கப்படாத ஒப்பந்ததாரர் பில்லில் நான் கையெழுத்திடுவதில்லை.