'எச்' என்ற ஓரெழுத்து: மனச்சோர்வு மருந்து நூல்களை நான் படித்த விதம்

எம்.டி. சைக்கியாட்ரி சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர் அக்கா கேட்டது ஒன்றுதான்: "ஸ்டால் வாங்கிட்டியா? மாட்ஸ்லி வாங்கிட்டியா?" இரண்டும் மனநல மருந்துக் கையேடுகள். இரண்டையும் வாங்கினேன். அகர வரிசைப்படி அடிக்கோடிட்டுப் படித்தேன். எந்த மருந்துக்கு எத்தனை மி.கி., பாதி ஆயுள் எவ்வளவு, எந்த நொதி என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தப் படிப்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பது ஒரு பாட்டி ஓபிக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

பாட்டிக்கு 68 வயது, ஒல்லியான தேகம். கணவர் போனபிறகு சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. எழுதினேன். வேறு மாத்திரை உண்டா என்று கேட்டதற்கு, "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்றார் மகள். சரி என்று சீட்டில் குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். "இன்னும் மந்தமாயிட்டாங்க டாக்டரம்மா. கேட்டா பதிலே வரல, நடந்தா தள்ளாடுறாங்க." நோய் கூடியிருக்கிறது, டோஸை ஏற்றலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த உதவிப் பேராசிரியர் அவர்கள் கொண்டுவந்த மஞ்சப்பையை வாங்கி, உள்ளே கிடந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. டெல்மிசார்ட்டானோடு, தயசைடு வகை நீர் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. "சோடியம் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. மாலையில் வந்த ரிசல்ட் 118, ஆபத்தான அளவுக்குக் குறைவு.

அன்றிரவு மாட்ஸ்லியைத் திறந்தேன். முதுமை, பெண், குறைந்த எடை, தயசைடு: எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளால் (எஸ்சிட்டாலோபிராம் இந்த வகைதான்) சோடியம் இறங்கக்கூடியவர்கள் யார் என்று அங்கே எழுதியிருந்தது அப்படியே பாட்டியின் படம். மருந்து தொடங்கிய முதல் மாதத்தில்தான் இது அதிகம் வரும், அபாயம் உள்ளவர்களுக்குத் தொடங்கும் முன்பும், பிறகு இரண்டாவது, நான்காவது வாரங்களிலும் சோடியம் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. பிரிட்டன் அளவுப்படி, 65 வயதுக்கு மேல் எஸ்சிட்டாலோபிராமை 5 மி.கி.யில் தொடங்கி 10க்கு மேல் போகக்கூடாது. இந்தப் பக்கங்களுக்கெல்லாம் நான் ஏற்கெனவே மஞ்சள் ஹைலைட்டர் பூசியிருந்தேன். அதுதான் எனக்கு அதிக வெட்கம்.

அதற்குப்பிறகு படிக்கும் திசையை மாற்றினேன். தினம் ஓபியில் பார்த்த ஒருவரை மட்டும் நோட்டில் எழுதுவேன்: வயது, கூடவே இருக்கும் நோய், பையில் இருந்த மாத்திரைகள். இரவில் அந்த ஒருவருக்காக மட்டும் நூலைத் திறப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்கூடத் தேறாது. ஆனால் இரண்டு வருடத்தில் அந்த நோட்டுதான் எனக்குப் பாடநூலாகிவிட்டது.

எந்தக் கேள்வியை எந்த நூலிடம் கேட்பது என்பதும் அப்படித்தான் பிடிபட்டது. ஸ்டால் கையேடு ஒவ்வொரு மருந்தையும் ஒரே அச்சில் வைத்துச் சொல்லும்: எத்தனை நாளில் வேலை செய்யும், செய்யாவிட்டால் என்ன, எதனோடு சேர்க்கலாம், கடைசியில் அனுபவக் குறிப்புகள். ஒரு மருந்தின் குணம் தெரிய அதுதான் வசதி. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்டாது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "யார் சொன்னது?" என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான். மாட்ஸ்லி நோயாளியின் சிக்கலிலிருந்து ஆரம்பிக்கிறது. கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, மாரடைப்புக்குப் பிறகு என்று தலைப்புகள் போகும், சான்றுகளும் கூடவே இருக்கும். மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் எடுக்கும் பெண்ணுக்கு பராக்செட்டின், ஃப்ளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்துகள் ஏன் வேண்டாம் என்ற கேள்வியை இரண்டிலும் தேடிப் பாருங்கள். சிஒய்பி 2டி6 நொதியை இவை தடுப்பதால் டமாக்சிஃபென் தன் செயல்படும் வடிவத்துக்கு மாறுவது குறைகிறது. ஒரே உண்மைதான், ஒன்று மருந்தின் வாசல் வழியாகப் போகிறது, மற்றது நோயாளியின் வாசல் வழியாக.

மாட்ஸ்லியில் ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அட்டவணையை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், நான் தோற்றேன். ஃப்ளுவாக்செட்டினை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி அட்டவணை தானாக வரும். அதன் வழிப்பொருள் நார்ஃப்ளுவாக்செட்டின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். அதனால்தான் அதை நிறுத்தியபின் எம்.ஏ.ஓ.ஐ. (பழைய வகை மனச்சோர்வு மருந்து) தொடங்க 5 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். (எம்.ஏ.ஓ.ஐ. மருந்தை நான் இதுவரை ஒருமுறைகூட எழுதியதில்லை. தேர்வில் கேட்காத வருடமில்லை.) அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்துக்கு மாறினாலும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் அதன் அளவு எகிறும்.

பதிப்பு வருடத்தையும் பாருங்கள். ஹாஸ்டலில் கைமாறி வந்த ஒரு பழைய புத்தகத்தில் சிட்டாலோபிராம் உச்ச அளவு 60 மி.கி. என்று இருந்தது. இதயத் துடிப்பில் க்யூடி இடைவெளி நீளுகிறது என்பதால் 2011இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை 40 ஆக்கியது, 60 வயதுக்கு மேல் 20தான். பழையதை எழுதினால் தேர்வில் மார்க் போகும், வார்டில் போவது வேறு.

நம் ஊர் விஷயம் ஒன்று. எஸ்சிட்டாலோபிராமும், பழகிப்போகக்கூடிய அமைதி மருந்தான குளோனசிபாமும் சேர்ந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டு வருகிறவர்களை எந்த ஓபியிலும் பார்க்கலாம். "நரம்பு மாத்திரை, அது இல்லாம தூக்கம் வராது" என்பார்கள். லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் எழுதப்பட்ட நூல்களில் இதற்கென்று தனி அத்தியாயத்தைத் தேடாதீர்கள். முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் குளோனசிபாமை மெல்லக் குறைக்க வேண்டும். எஸ்சிட்டாலோபிராமைத் தொடுவது அதற்கும் பிறகுதான். ஒரே நாளில் இரண்டும் நின்றால் எந்த மருந்தை நிறுத்தியதால் வந்த தொல்லை (விலகல் குறி) எது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017இல் மனச்சோர்வுக்கு வெளியிட்ட வழிகாட்டலையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வைவாவுக்கு வருகிறேன். 2018இல் லான்செட் இதழில் சிப்ரியானி குழு வெளியிட்ட ஆய்வைக் கரைத்துக் குடித்திருந்தேன்: 21 மருந்து, 522 சோதனை, 1,16,477 பேர், எல்லா மருந்தும் போலி மாத்திரையை முந்தின. மடமடவென்று சொல்லி முடித்தேன். எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தச் சோதனையெல்லாம் எத்தனை வாரம்மா?" என்றார். பெரும்பாலும் 8 வாரம் என்றேன். "உன் பேஷண்ட்டுக்கு எத்தனை மாசம் குடுக்கப் போற?" முதல் தடவை என்றால் குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் என்றேன். "அப்போ மிச்ச மாசத்துக்கு எதை நம்புற?" தொடர்ந்து கொடுத்தவர்களையும் நிறுத்தியவர்களையும் ஒப்பிடும் தனிச் சோதனைகள் உண்டு என்று சொல்லி, நிறுத்தியவர்களுக்கு வரும் விலகல் குறிகளை நோய் திரும்பியதாக எண்ணிவிடும் சிக்கலையும் சேர்த்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்தப் பதில் நூலில் ஒரே இடத்தில் இல்லை. மருந்தைத் தானாக நிறுத்திவிட்டு, தலைக்குள் மின்சாரம் ஓடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஆட்டோ ஓட்டுநரைப் பற்றி என் நோட்டில் எழுதியிருந்த பக்கம்தான் அது.

பாட்டியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். எஸ்சிட்டாலோபிராமை நிறுத்தி, பிரஷர் மாத்திரையையும் மாற்றி, வார்டில் வைத்துச் சோடியத்தை மெல்ல ஏற்றினார்கள். பிறகு வேறு வகை மனச்சோர்வு மருந்தான மிர்டசபின் 7.5 மி.கி. இரவில் தொடங்கி 15 ஆக்கினோம். சோடியம் இறங்கும் அபாயம் இதில் குறைவு, இருந்தாலும் சொன்ன வாரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துத் தானே நடந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். தூக்கம் வருகிறது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிறார். ஒரே ஒரு குறைதான்: "ரவிக்கையெல்லாம் பத்தாம போச்சு டாக்டரம்மா."

அதுவும் ஸ்டாலில் இருக்கிறது, மிர்டசபின், எடை கூடும் என்ற இடத்தில். இந்தமுறை எழுதும் முன்பே மகளிடம் சொல்லியிருந்தேன்.