திறந்த நாளிலிருந்து எண்ணுங்கள்

இன்று அழகுசாதனப் பொருட்கள் வைக்கும் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, வாங்கும்போது நிறமற்றிருந்த, முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம் அடர்பழுப்பாக மாறியிருப்பதைக் கண்டேன். காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து அது வீரியத்தை இழந்துவிட்டதால், பாதிக்குமேல் மீதமிருந்தும் தூக்கி எறிந்தேன்.

நாம் பெரும்பாலும் காலாவதித் தேதியை மட்டுமே பார்க்கிறோம். ஆனால் பல டப்பாக்களில் மூடி திறந்த குப்பியின் சிறு படமும் 6, 12 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்பதையே அது குறிக்கிறது. ஆகவே திறந்த தேதியை அடிப்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு மிகவும் கவலை தருவது இமைமுடிகளில் பூசும் மஸ்காராதான். இமையைத் தொட்ட தூரிகை ஒவ்வொரு முறையும் ஈரமான அதே குழலுக்குள் திரும்புவதால் கிருமிகள் எளிதில் பெருகுகின்றன. 3 மாதங்களில் மாற்றிவிடுவது நல்லது. உலர்ந்துவிட்டதென்று தண்ணீர் கலக்கவே கூடாது. கண்ணில் தொற்று வந்திருந்தால், அப்போது பயன்படுத்திய கண்மையையும் சேர்த்து எறிந்துவிடுங்கள். நீரில்லாத பவுடர் வகைகள் நெடுநாள் தாங்கும்.

ஈரம் தங்கும் குளியலறையிலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் அழகுசாதனப் பொருட்களை வைக்காதீர்கள். குறிப்பாக சன்ஸ்கிரீன், வெப்பத்தில் தன் பாதுகாப்புத் திறனை இழக்கக்கூடும்.