வைஃபை வராத லினக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது சிப்பின் எண்

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் இன்றும் கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளான டெபியனையோ லினக்ஸ் மின்டையோ தாங்களாகவே நிறுவிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கையில் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது. அவர்களிடமிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணாச்சி, எல்லாம் ஓடுது, வைஃபை மட்டும் காட்டவே மாட்டேங்கு."

வைஃபை வரவில்லை என்றதும் லினக்ஸையே அழித்துவிட்டு வேறொன்றை நிறுவுவது வீண் வேலை. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) 'எல்எஸ்பிசிஐ -என்என்' (lspci -nn) கட்டளையை இட்டால், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இணை தெரியும். அதன் முற்பாதி 8086 என்றால் இன்டெல், 14ஈ4 (14e4) என்றால் பிராட்காம், 10ஈசி (10ec) என்றால் ரியல்டெக். பிற்பாதிதான் எந்தச் சிப் என்பதைச் சொல்லும். மடிக்கணினியின் பெயரை வைத்துத் தேடுவதைவிட இந்த எண்ணை வைத்துத் தேடினால் விடை உடனே கிடைக்கும்.

பெரும்பாலான வைஃபை சிப்புகளுக்கு, லினக்ஸின் மையமான கெர்னலில் இயங்கும் டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) மட்டும் போதாது. சிப்புக்குள்ளேயே இயங்கும் ஃபர்ம்வேரும் வேண்டும். அதன் மூலநிரலை உற்பத்தியாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை என்பதால், டெபியன் நெடுங்காலம் அதைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த முடிவை மாற்றியதால், 2023-இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது. கொள்கையில் சற்று இறங்கி வந்ததுதான். ஆனாலும் வேறு இணைய வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையை நினைத்தால் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

பிராட்காமின் பிசிஎம்43142 சிப்புக்கு வட்டில் வரும் ஃபர்ம்வேரும் போதாது, ஏனெனில் அதற்கு அந்நிறுவனத்தின் மூடிய டிரைவர் ஒன்றே வழி. அதை இறக்க இணையம் வேண்டும் என்பதால், கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைப் பகிரும் வசதியை) இயக்கினால், மடிக்கணினி அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு மூடிய மென்பொருள்களுக்கான டெபியனின் நான்-ஃப்ரீ (non-free) களஞ்சியத்தைச் சேர்த்து, கெர்னல் ஹெடர்களையும் (டிரைவரைக் கட்டமைக்கத் தேவையான கோப்புகளையும்) 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' (broadcom-sta-dkms) பொதியையும் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இந்த டிரைவர் மீண்டும் கட்டமைக்கப்படுவதால், ஹெடர்கள் விடுபட்டால் நேற்று வரை வந்த வைஃபை இன்று நின்றுவிடும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஏதெராஸ் என்ற சிப் நிறுவனம் 2008-இல் ஏடிஎச்9கே என்ற திறந்த டிரைவரையே வெளியிட்டது. அந்த டிரைவரில் ஓடும், கணினிக்குள்ளேயே பொருத்தப்படும் பிசிஐ சிப்புகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகூடத் தேவையில்லை. பழைய மடிக்கணினியில் அத்தகைய சிப் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள்.

நெல்லை வண்ணார்பேட்டையிலோ சந்திப்புப் பக்கத்திலோ யூஎஸ்பி அடாப்டர் வாங்கப் போகிறவர்கள், பெட்டியில் உள்ள மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாடலின் அடுத்த பதிப்பில் வேறு சிப் இருக்கக்கூடும். மீடியாடெக்கின் எம்டி7612யூ போல, கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்தானா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் பென்டிரைவில்) லினக்ஸ் ஓடும் மடிக்கணினியைக் கையோடு எடுத்துச் சென்று, அடாப்டரை அங்கேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.