மயிலுக்குச் சாயம் போட்டது யார்?

மயில் தோகையில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருக்கிற எனக்கு, இது தெரியவந்தபோது வந்த எரிச்சல் கொஞ்சமில்லை.

மயில்கழுத்து நிறம் எங்கள் தொழிலில் ஒரு தலைவலி. பருத்தியில் அந்த டர்க்காய்ஸ் வர வேண்டுமென்றால், மூலக்கூறிலேயே செம்பு வைத்திருக்கும் ஒரு சாயம் போட வேண்டும். மற்ற ரியாக்டிவ் சாயங்கள் பெரும்பாலும் 60 டிகிரியில் பிடித்துக்கொள்ளும். இது 80 கேட்கும். உப்பு, சோடா எல்லாம் கொடுத்தாலும் நிறையச் சாயம் துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். லேப் டிப், அதாவது முதலில் சின்னத் துண்டில் போட்டுப் பார்க்கும் மாதிரி, அழகாக வந்திருக்கும். மொத்தத் துணி மட்டும் ஒரு ஷேடு பச்சை தட்டி வந்து நிற்கும்.

மயிலிடம் இருப்பதோ மெலனின் மட்டும், நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே சங்கதி. தோகையின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, நடுநடுவே காற்று. அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஒரு நிறம் மட்டும் ஓங்கித் தெரிகிறது. ஷாங்காயில் உள்ள ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் இதை அளந்து சொன்னார்கள்: குச்சிகளுக்கிடையே சுமார் 140 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து லட்சம் நானோமீட்டர்) என்றால் நீலம், 150 என்றால் பச்சை. பத்தே நானோமீட்டர்!

சின்ன வயதில் மயிலிறகு என்றால் எங்களுக்கு வேறு கவலை. காங்கேயம் பக்கம் அம்மிச்சி ஊரில் காட்டுக்குள் நடந்தால் இறகு கிடைக்கும். நோட்டுக்குள் வைத்தால் குட்டி போடும். ஆனால் அது வானத்தைப் பார்த்துவிடக் கூடாது. இரையும் போட வேண்டும், தென்னை மட்டையைச் சுரண்டிய தூள். (சாக்பீஸ் தூள் போதும் என்பார்கள் டவுன் பிள்ளைகள். நாங்கள் மதித்ததே இல்லை.) அக்கா அதைச் சமூக அறிவியல் புத்தகத்தில் வைத்தாள், யாரும் திறக்காத புத்தகம் அதுதான். ஒரு நாள் பார்த்தால் காம்பிலிருந்து கழன்ற பச்சை இழை இரண்டு தனியாகக் கிடக்கும். குட்டிதான், சந்தேகமே இல்லை. அப்புச்சிக்கு மட்டும் மயிலே ஆகாது. கடலைக்காய் முளைவிட்டதும் வந்து கொத்திவிடும். "இதுக்கு முருகன் சப்போர்ட்டு வேற" என்பார்.

காரணம் தெரிந்தால் அழகு போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நடந்தது வேறு. குட்டியை எண்ணிய அத்தனை நாளிலும் அந்த நீலத்தை நான் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. ஏன் நீலம் என்று ஒருவரும் கேட்கவில்லை, அக்கா உட்பட.

கேட்டவர் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. தோகையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நனைத்தால் நிறம் போய்விடுகிறது என்று 1665இல் வந்த தன் 'மைக்ரோகிராஃபியா' புத்தகத்தில் எழுதினார். சாயத் துணியை நனைத்துப் பாருங்கள், நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். மங்குகிறது என்றால் அது சாயமே இல்லை. பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பையன்கூடக் கண்டுபிடித்திருக்கலாம். இத்தனை வருஷம் ஈரத்துணியோடு கிடந்த எனக்கு அது தோன்றவில்லை என்பதில் ஹூக் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

நனைக்க மனசில்லாதவர்களுக்கு வேறு வழி. ஃபோன் டார்ச்சை இறகுக்குப் பின்னால் பிடித்து, இந்தப் பக்கமிருந்து பாருங்கள். வெறும் பழுப்பு. டார்ச்சை முன்பக்கம் கொண்டுவந்தால் நீலம் திரும்பிவிடும். மகளுக்குக் காட்டினேன். டார்ச்சை முன்னும் பின்னும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அப்ப மயில் பழுப்பாப்பா?" என்றாள். ஆமாம் சாமி என்றேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணு முன்னால நீலமா இருக்குது, பழுப்புங்கறான். சாயத்துலயே கெடந்து இவனுக்குக் கண்ணு போயிருச்சு."