மூன்று மணி வரையா, மூன்று மணிக்குள்ளா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஆபிசில் கிளார்க்காக இருக்கிறேன், என் அப்பா வாயில் இன்றைக்கும் அது கிராணி வேலைதான். ஒரு நாள் லாரி காண்ட்ராக்டருக்கு ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பினேன். குலைகள் 3 மணிக்குள் தயாராகிவிடும், வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது, ஆனால் ‘பை’ (by) போட வேண்டிய இடத்தில் ‘அன்டில்’ (until) போட்டுவிட்டேன். அவர் அதை 3 மணி வரைதான் குலை இருக்கும், அதற்கப்புறம் இருக்காது என்று படித்திருக்கிறார். அவருடைய லாரி அன்று மூன்றரைக்குத்தான் காலி, சரி இனிப் போய்ப் பயனில்லை என்று வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

குலைகள் ராத்திரி முழுக்க மேடையிலேயே கிடந்தன. செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விடுவதுதான் நல்லது, தாமதமாக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். வெயிலில் நின்று அறுத்தவர்களின் ஒரு நாள் உழைப்பு என் ஒரு சொல்லால் கெட்டதே என்று அன்று தூக்கமே வரவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே பட்டப் படிப்பு படிக்க வேண்டும் என்ற ஆசை வேறு இருந்தது, அதற்கு மூவெட் என்கிற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். தனியார் விண்ணப்பதாரராகப் பதிவு செய்தேன். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கு தாள், தாளுக்கு 90, மொத்தம் 360. எழுத்துத் தாளில் 75 நிமிஷத்துக்குள் மின்னஞ்சலுக்கு ஒரு பதிலும் 250 சொல்லுக்குக் குறையாத ஒரு கட்டுரையும் முடிக்க வேண்டும். முடிவைப் பேண்ட் என்று தரநிலையாகத்தான் தருவார்கள், முதல் தடவை எனக்குப் பேண்ட் 2.5தான் வந்தது, நான்கில் எழுத்துத்தான் படுமோசம்.

அப்புறம்தான் கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும், ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சரிடம் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். என் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “நீ மலாய்ல யோசிச்சு ஆங்கிலத்துல எழுதுறம்மா. இந்தச் சொல்லையெல்லாம் கொஞ்சம் தமிழ்ல யோசிச்சுப் பாரேன்.”

எனக்கு அது புதிதாக இருந்தது. ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி, அதற்கப்புறம் ஐந்தாம் படிவம் வரைக்கும் எல்லாமே மலாய், தமிழ் வீட்டோடு நின்றுபோனது. ஆனால் அவர் சொன்ன மாதிரி பார்த்தால் ‘பை’ என்பது க்குள், ‘அன்டில்’ என்பது வரை, அவ்வளவுதான்! “அஞ்சு மணிக்குள்ள வந்துடு” என்பதையும் “அஞ்சு மணி வரைக்கும் இரு” என்பதையும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், நான்கு வயதுப் பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது, நான் மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதியிருக்கிறேன்.

‘பாரோ’வும் ‘லெண்ட்’டும் இதே கதைதான். மலாயில் முறையாக எழுதும்போது மெமிஞ்சாம், மெமிஞ்சாம்கான் என்று இரண்டு உண்டு, பேச்சில் இரண்டுக்கும் பிஞ்சாம்தான். அதனால்தான் இங்கே ‘பாரோ மீ யுவர் பென்’ என்பது எல்லார் வாயிலும் வருகிறது, நானும் அப்படித்தான் பேசினேன். தமிழில் இரவல் வாங்குவது ஒன்று, இரவல் கொடுப்பது இன்னொன்று. வாங்குகிறவர் ‘பாரோ’, கொடுக்கிறவர் ‘லெண்ட்’. ‘பிரிங்’, ‘டேக்’ இரண்டையும் மலாய் பாவா என்று ஒரே சொல்லில் முடித்துவிடும், நமக்குக் கொண்டு வா, கொண்டு போ என்று திசையே சொல்லுக்குள் இருக்கிறது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் என்ற சொல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போன காலத்தைப் பற்றி ஒரு கட்டுரையில், அவர் தினமும் சீக்கிரம் எழுவார் என்பதற்கு ‘ஃபாஸ்ட்’ போட்டேன், டீச்சர் சிவப்பு மையில் வட்டமிட்டார். நேரத்தோடு எழுந்தால் ‘ஏர்லி’, வேகமாக நடந்தால் ‘ஃபாஸ்ட்’, இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவதென்றால் ‘சூன்’. மூன்றுக்கும் சீக்கிரத்தையே வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

கேட்பதும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன், பாட்டுக் கேட்டாலும் கேள்வி கேட்டாலும் ஒரே சொல்தானே. டீச்சர் விடவில்லை, காதில் விழுவது ‘ஹியர்’, காது கொடுத்துக் கேட்பது ‘லிசன்’ என்றார். எனக்குச் சிலிர்த்துப்போனது, இத்தனை வருஷம் நம் வாயில் இருந்த சொல்தானே! கண்ணில் படுவது ‘சீ’, பார்ப்பது ‘லுக்’ என்பதை அன்று ராத்திரி நானே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்துதான் பிடித்தேன். விலை இறங்கியது தோட்டத்தைப் பாதித்தது என்றால் முதலாவது, அதனால் வந்த விளைவு என்றால் இரண்டாவது. இரண்டாவதையே வினைச்சொல்லாக எழுதினால் ஒரு மாற்றத்தைக் கொண்டுவருவது என்று பொருள் மாறிவிடும், தேர்வில் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

இரண்டாம் தடவை பேண்ட் 3.5 வந்தது. டீச்சர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன், அவர் முடிவைப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமைக்கும் வரச் சொல்லிவிட்டார், போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்போது தடுமாறுவது ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ இரண்டிலும்தான், தமிழில் எதுவானாலும் குறைவுதான். எண்ண முடிந்தால் ‘ஃபியூவர்’, எண்ண முடியாமல் அளப்பதென்றால் ‘லெஸ்’. காலையில் ரிப்போர்ட் எழுதும்போது நேற்று குலை குறைவு, மழை குறைவு என்று மனதில் ஓடும், குலையை எண்ணலாம், மழையை எண்ண முடியாது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் தட்டுகிறேன்.